பராதீனம்: ஒரு சட்ட வினையின் சமுதாயப் பொருள்

சொல்லுக்கும் வர்க்கத்திற்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கவிதையையும் நாவலையும் சிறுகதையையுமே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுகிறோம். சட்டத்தின் மொழியை வழக்கறிஞர்க்கும் உத்தியோகத்தர்க்கும் விட்டுவிடுகிறோம். இது பெருந்தவறு என்பது எமது கருத்து. ஒரு கவிதை பிழையாக மொழிபெயர்க்கப்பட்டால் சுவை கெடும். ஒரு சட்ட வினை தெளிவின்றி மொழிபெயர்க்கப்பட்டால், அதனால் ஆளப்படும் குடும்பம் தன் காணி பற்றித் தான் எந்நிலையில் நிற்கிறது என்பதையே அறியாதுபோகும்.

மட்டக்களப்பு வாவியின் இருகரை மக்களின் வாழ்விலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பின்னிக் கிடக்கும் அத்தகைய வினையொன்றை இங்கு ஆராய விழைகிறோம். ஆங்கிலத்தில் அது ‘ஏலியனேற்’. இலங்கையின் காணிச் சட்டத் தமிழில் அது ‘பராதீனப்படுத்தல்’. அரசாங்கம் தன் காணியை ஒருவருக்குக் கொடுப்பதை இச்சொல்லாலேயே சட்டம் குறிக்கிறது.

படுவான்கரையில் உழுதுண்ணும் ஒருவரிடம் ‘பராதீனம்’ என்றால் என்னவென்று வினவினால் அவர் விழிப்பார். ஆனால் ‘பேமிற் காணி’ என்றால் என்னவென்று கேட்டால் உடனே விடை கிடைக்கும்: ‘விக்கேலா, ஈடு வைக்கேலா, புள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுக்கவும் ஏலா.’ அரசாங்கத்தின் பெருஞ்சொல்லுக்கு உழவர் தரும் உரை இதுவே. இவ்வுரை சரியானதா என்பதே எமது வினா.

*

‘ஏலியனேற்’ என்னும் வினை, ‘பிறன்’ என்று பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து பிறந்தது. தன்னுடையதொன்றைப் பிறனுடையதாக்குதல் என்பதே அதன் முதற்பொருள். விற்றலும் ஈதலும் மாற்றிக் கொடுத்தலும் அதனுள் அடங்கும். இங்கிலாந்தின் நிலமானிய அமைப்பில் குடிகள் நிலத்தைப் பிறர்க்கு மாற்றுவதற்குப் பிரபுக்கள் பல தடைகளை விதித்திருந்தனர். 1290 இல் முதலாம் எட்வேட் மன்னன் காலத்தில் இயற்றப்பட்ட சட்டமொன்றே, அடிமைப் பிணிப்பற்ற குடிகள் தம் நிலத்தைப் பிரபுவின் சம்மதமின்றி மாற்றுவதற்கு வழிதிறந்தது. ஆகவே, நிலத்தை மாற்றும் உரிமை எவர் கையில் இருக்க வேண்டும் என்ற போராட்டத்தோடு இவ்வினையின் வரலாறு தொடக்கத்திலிருந்தே பிணைந்துள்ளது.

இதே வினைக்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் வேறொரு பொருளும் உண்டு. நண்பனை மனம் வேறுபடச் செய்தல், உறவினரை அந்நியராக்குதல் என்பன அப்பொருளைச் சாரும். சட்டப் பொருளையும் மனித உறவுபற்றிய பொருளையும் இணைத்துச் சிந்தித்தவர் கார்ல் மார்க்ஸ். இளமையிற் சட்டம் பயின்ற அவர், 1844 இல் எழுதி 1932 இலேயே முழுமையாக வெளிவந்த கையெழுத்துப் பிரதிகளில், தொழிலாளி தன் உழைப்பின் விளைவிலிருந்தும் தன் சகமனிதரிடமிருந்தும் அந்நியமாதலை விளக்குகிறார். அதற்கு அவர் கையாண்ட ஜேர்மன் சொற்களுள் ஒன்று, சொத்தைக் கைவிட்டுப் பிறர்க்காக்குதலைக் குறிக்க ஹெகல் தம் உரிமைத் தத்துவ நூலில் வழங்கிய சொல்லேயாகும். தமிழ் மாணவர்கள் ‘அந்நியமாதல்’ என்ற கோட்பாட்டைத் தத்துவ வகுப்பில் மட்டும் பயிலுகின்றனர். அதன் வேர் காணி உறுதியில் இருக்கிறது என்பது மனங்கொளத்தக்கது.

*

ஒரு வினையை விமர்சிக்கப் புகுவோர் முதலில் அதன் எழுவாயைத் தேடவேண்டும். எவர் பராதீனப்படுத்துகிறார்? அரசு. தன்னுடையதை அன்றோ ஒருவர் பிறனுடையதாக்க முடியும்? அப்படியாயின் இக்காணிகள் அரசினுடையனவாக ஆனது எவ்வாறு?

இதற்கு மற்றொரு வினை துணைசெய்தது. அது ‘கருதப்படும்’ என்பது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆளின்றியும் பயிரின்றியும் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலை நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியது என்று அனுமானித்தது. பல ஆண்டு இடைவெளிவிட்டுப் பயிரிடப்படும் சேனைகளைக் கரையோர மாவட்டங்களிற் காடாகவோ தரிசாகவோ கருதவேண்டும் என்றும் அது விதித்தது. கண்டிப் பிரதேசத்துச் சேனைகளுக்கு விதி இன்னுங் கடுமையாயிருந்தது. சேனை வெட்டிக் குரக்கனும் சோளமும் விதைத்து, மண் ஆறட்டுமென்று விட்டு, மீண்டும் வருவது கிழக்கின் காட்டோரக் குடிகளது வேளாண்மை முறை. மண்ணை ஆறவிட்ட ஆண்டுகள் சட்டத்தின் கண்ணுக்கு உரிமையற்ற ஆண்டுகளாயின. அதே 1840 இல் வந்த 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காணிக் கைமாற்றம் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில் நடைபெற வேண்டும் என்றது. வாய்ச்சொல்லாலும் அனுபோகத்தாலும் நிலத்தை ஆண்ட குடிகள் நீதிமன்றிற் காட்டுவதற்கு யாதொரு கடதாசியும் இல்லாதவராயினர்.

முதலில் ‘கருதப்படும்’ என்று கூறி எடுத்துக்கொண்டபின், ‘பராதீனப்படுத்தப்படும்’ என்று கூறிக் கொடுப்பது அடுத்த கட்டம். இதற்கும் மட்டக்களப்புக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1920களில் இங்கு அரசாங்க அதிபராயிருந்த சி. வி. பிரேன், சிறுகுடியானவர்க்குக் கட்டுப்பாடுகளுடன் காணி வழங்கும் முறையொன்றை இம்மாவட்டத்திற் பரீட்சித்தார். 1927 இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் சிந்தனையிலும் இவ்வழியே இடம்பெற்றது. டி. எஸ். சேனநாயக்கா விவசாய, காணி மந்திரியாயிருந்த காலத்தில், 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டமாக அது உருப்பெற்றது. பல திருத்தங்களுடன் இன்றும் அது நடைமுறையிலுள்ளது.

இச்சட்டத்தின் கீழ்க் காணி பெறுபவர் முதலில் அனுமதிப்பத்திரம் பெறுகிறார். நிபந்தனைகளை நிறைவேற்றியபின் அளிப்புப் பத்திரம் பெறலாம். ஆயினும் அரசாங்க அதிபரின், இந்நாளிற் பிரதேச செயலாளரின், எழுத்துமூல முற்சம்மதமின்றி அவர் அதனை விற்க இயலாது. மீறிச் செய்த கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது. குறித்த அளவிற்குக் கீழே அதனைப் பிரிக்கவும் இயலாது. அரசு அவருக்குப் ‘பராதீனப்படுத்திய’ காணியை அவர் தம் விருப்பப்படி எவருக்கும் பராதீனப்படுத்த முடியாது. இவ்வினைக்கு எழுவாயாகும் தகுதி அரசுக்கே உண்டு. உழவர் நான்காம் வேற்றுமையிலேயே நிற்கிறார். எனவே நாம் முன்னே கேட்ட உழவரின் உரை, சட்ட அறிஞரின் உரையினும் சரியானது என்றே கொள்ளவேண்டும்.

*

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். ‘பராதீனம்’ என்பது ‘பர’ என்பதும் ‘ஆதீனம்’ என்பதும் கூடிய வடசொல். பிறர்க்கு உட்பட்டிருத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். ‘சுவாதீனம்’ என்பதன் எதிர்ச்சொல் அது. சொத்து மாற்றத்தைக் குறிக்க இச்சொல்லை இலங்கை மொழிபெயர்ப்பாளர் புதிதாகப் புனைந்தனர் என்று கூறுவதற்கில்லை. தமிழ்நாட்டுப் பத்திரங்களிலும் ‘எவ்வித பராதீனமும் செய்யவில்லை’ என்றாற்போன்ற தொடர்கள் வழங்குகின்றன. மரபு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் மரபு இருப்பதனாலேயே சொல் தெளிவுடையதாகிவிடாது.

ஆங்கில வினை, பொருள் ஒருவர் கையைவிட்டுப் போவதைக் குறிக்கிறது. தமிழ்ச் சொல்லோ ஒருவர் பிறரின் கீழ் வருவதைக் குறிக்கிறது. காணி பெற்ற குடும்பத்தின் கையில் இருக்கும் தாள், அவர்களுக்குக் காணி ‘பராதீனப்படுத்தப்பட்டது’ என்று கூறுகிறது. தமிழறிந்த ஒருவர் அதனைப் படித்தால், இவர்கள் ஏதோ ஒன்றுக்கு அடிமைப்பட்டனர் என்றே எண்ணுவார். வேடிக்கை என்னவெனில், அவர் எண்ணுவது முற்றும் தவறன்று. அனுமதிப்பத்திரத்தின் கட்டுக்களை நோக்கும்போது மூலத்தைவிட மொழிபெயர்ப்பே உண்மையை உரைத்துவிட்டது எனத் தோன்றுகிறது. ஆயினும் தற்செயலாய் உண்மை கூறுவது நல்ல மொழிபெயர்ப்புக்கு இலக்கணமாகாது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், கொடுக்கப்பட்டது எவ்வளவு, எஞ்சியது எவரிடம் என்பதைப் படிப்பவர் அறிந்துகொள்ள வேண்டும்.

தமிழிற் சொல் இல்லையா? காணி பற்றிய வழக்குகளில் எமது மக்களின் மொழி வறுமையுற்றதன்று. முழுவதும் விற்பது அறுதி. கடனுக்குப் பிணையாக வைப்பது ஈடு. பணத்திற்குப் பதிலாக அனுபவத்தை விட்டுக் கொடுப்பது ஒத்தி. போகத்திற்கோ ஆண்டிற்கோ கொடுப்பது குத்தகை. மகளுக்கு மணத்தின்போது எழுதுவது சீதனம். முன்னோர்வழி வந்தது முதுசம். ‘எழுதிக் குடுத்தல்’ என்ற பொதுவழக்கும் உண்டு. இவற்றுள் ஒவ்வொன்றும் எதைக் கொடுத்தோம், எதை வைத்துக்கொண்டோம் என்பதைச் சொல்லாலேயே உணர்த்தி நிற்பது. இத்தனை நுட்பமான வேறுபாடுகளையும் ‘பராதீனம்’ என்ற ஒரு போர்வையால் மூடிவிட்டோம். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1936 இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் விஞ்ஞானப் பாடநூல்களோடு நின்றுவிட்டது. மக்களைச் சட்டம் ஆளும் சொற்களை மக்களிடமிருந்தே எடுக்கும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

*

இப்போது வினாவின் மிகக் கூரிய பகுதிக்கு வருகிறோம். இவ்வினையால் மிகுதியும் தாக்குண்டவர் இப்பிரதேசத்துப் பெண்கள்.

மட்டக்களப்பின் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி தாய்வழி வருவது. வீடும், வசதியுள்ளோரிடத்து வயலும், மணத்தின்போது மகளுக்கு எழுதப்படும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளையவளுக்காக மற்றொரு வீடு கட்டத் தொடங்குவர். முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய வழமையில் முதுசம் உடன்பிறந்தாள் மக்களுக்கு இறங்கியது. கிறிஸ்தோபர் பிறிற்றோ அவ்வழமையைத் தொகுத்து நூலாக வெளியிட்டது 1876 இல். அதே ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் திருமண உரிமைக்கும் மரபுரிமைக்கும் பொதுச்சட்டத்தைக் கொணர்ந்தது. வடமாகாணத்துத் தேசவழமைக்குக் கிடைத்த விலக்கு கிழக்கின் வழமைக்குக் கிடைக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் அவ்வழமை மாண்டபோதிலும், சீதன உறுதிகளின் வழியே வீடும் காணியும் மகளுக்குச் செல்லும் முறை நிலைத்தது. உறுதிக் காணியை வைத்திருப்போர் அதனைத் தாம் விரும்பியவாறு எழுத முடிந்தமையே இதற்குக் காரணம்.

பேமிற் காணியில் இது இயலாது. 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரித்தாளர் பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிந்திராது இறந்தால், அட்டவணையொன்றிலுள்ள வரிசைப்படியே காணி செல்லும். அவ்வரிசையில் மகன் முன்னே, மகள் பின்னே. பேரன் முன்னே, பேர்த்தி பின்னே. தந்தையும் தாயும், சகோதரனும் சகோதரியும் அவ்வாறே. ஒரு குழுவிற் பலர் இருப்பின் மூத்தவருக்கே முதலிடம். பெயர் குறிக்கப்படாத கைம்பெண்ணுக்கு வாழ்நாள் அனுபவம் மட்டுமே; கைமாற்றும் உரிமை இல்லை. பெயர் குறிப்பதற்கு வாய்ப்பு இருந்தது உண்மையே. ஆனால் போரிலும் இடம்பெயர்விலும் திடீர் மரணங்களையும் காணாமற்போதல்களையும் கண்ட மாவட்டத்தில், கச்சேரிக்குச் சென்று பெயர் பதிய அவகாசம் கிடைத்தவர் எத்தனை பேர்?

உன்னிச்சைக் குளத்தின் கீழோ நவகிரியின் கீழோ காணி பெற்ற ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகள் மணமுடித்துப் பெற்றோருடன் அதே வளவில் வாழ்கிறாள். மகன் மணமுடித்து வாவிக்கு அக்கரையில், மனைவியின் வீட்டில் இருக்கிறான். ஊர் வழமைப்படி வீடு மகளுடையது. தந்தை பெயர் குறியாது இறந்தால், சட்டப்படி அது மகனுடையது. அண்ணனும் தங்கையும் நல்லுறவில் இருக்கும்வரை வெள்ளைக் கடதாசியில் எழுதிக்கொண்ட உடன்பாடு போதும். உறவு முறிந்தால் அக்கடதாசி எங்கும் செல்லாது. ‘ஏலியனேற்’ என்னும் வினையின் இரு பொருள்களும் இங்கே ஒன்றாகின்றன. காணியைக் கொடுத்த வினையே உடன்பிறந்தாரை அந்நியராக்குகிறது.

மகன், மகள் என்ற இந்த ஏற்றத்தாழ்வு 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேயே களையப்பட்டது. அதற்கு 87 ஆண்டுகள் சென்றன. அதனை வரவேற்போம். அதேவேளை தாய்வழி முறையை நாம் பொற்காலமாக வருணிக்கவும் முற்படலாகாது. பெண்ணின் பெயரில் உறுதி இருந்தாலும் நிர்வாகம் அவளது மாமன் கையிலும் கணவன் கையிலும் இருந்தது. காணியற்ற வீட்டுப் பெண்ணுக்குச் சீதனம் உரிமையாக அன்றிச் சுமையாகவே இருந்தது. போடியாரின் மகளுக்கு வயல் எழுதப்பட்டபோது, அவ்வயலில் உழைத்த முல்லைக்காரனின் மகளுக்கு எழுத என்ன இருந்தது?

*

இவ்விடத்து எம்மை நோக்கி ஒரு மறுப்பு எழும். கட்டுப்பாடு உழவனைக் காப்பதற்கன்றோ விதிக்கப்பட்டது என்பர். இம்மறுப்பு அலட்சியஞ் செய்யத்தக்கதன்று. இந்தியாவில் 1900 இல் இயற்றப்பட்ட பஞ்சாப் நிலப் பராதீனச் சட்டம், கடன்பட்ட உழவரின் நிலம் வட்டிக்கடைக்காரர் கைக்குப் போவதைத் தடுக்க முயன்றது. இலங்கைச் சட்டமும், நீதிமன்றக் கடன் தீர்ப்புக்காக இக்காணிகளைக் கைப்பற்றி விற்பதைத் தடுத்தது. விதைநெல்லுக்குக் கடன்பட்டு, வெள்ளத்தில் வேளாண்மையை இழந்து, அடுத்த போகத்தில் வயலையே இழப்பது கிழக்கில் அறியாத கதையன்று. தடை இல்லாதிருந்தால் பல குடியேற்றங்கள் ஒரு தலைமுறைக்குள் சில போடிமாரின் வட்டைகளாகியிருக்கும்.

ஆனால் அத்தடை எவ்வளவு தூரம் காத்தது? சட்டம் மூடிய கதவை வறுமை வேறு வழியாகத் திறந்தது. பத்திரம் ஒருவர் பெயரில், பயிர் மற்றொருவர் கையில் என்ற நிலை குடியேற்றத் திட்டங்களிற் பரவலாயிற்று. பத்திரத்தையே கொடுத்து ஈடு வைத்தனர். மறைவில் நடப்பதால் விலை குறைவு, வட்டி அதிகம், முறையிட இடமும் இல்லை. உழவனுக்கு மலிந்த கடனும் நீரும் சந்தையும் அளியாது, விற்கும் உரிமையை மட்டும் மறுப்பது முழுமையான பாதுகாப்பாகாது.

மறுபுறம், 2024 இல் ‘உறுமய’ என்ற பெயரில், பத்திரக் காணிகளை முழு உரிமையுடைய உறுதிகளாக மாற்றும் திட்டம் தொடங்கப்பட்டது. ‘இனி உங்கள் காணி உங்களுக்கே’ என்பது கேட்க இனியது. ஆனால் விற்கும் உரிமையும் இழக்கும் உரிமையும் ஒரே உறுதியின் இருபுறங்கள். கடன்சுமை நீங்காத கிராமத்தில் அவ்வினையைச் சந்தையிடம் ஒப்படைத்தால், முன்பு அரசு நின்ற எழுவாய் இடத்தில் வங்கியும் காணித் தரகரும் வந்து நிற்பர். அரசு தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் பராதீனத்தையும் வேண்டோம். சந்தை பறித்துக்கொள்ளும் பராதீனத்தையும் வேண்டோம். உழுபவர்க்கும் அவரது மனைவிக்கும் கூட்டாக உரித்து, ஆண் பெண் வேற்றுமையற்ற மரபுரிமை, விற்க நேரின் ஊரிலுள்ள காணியற்றோருக்கும் விவசாயிகளின் கூட்டுறவுக்கும் முதல் வாய்ப்பு, இவற்றோடு கடன்வசதி: இவையே ஆராயப்படவேண்டிய வழிகள்.

*

இவ்வினை தனிக்குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. பட்டிப்பளையாற்றை மறித்து, 1949 இல் அமைந்த சபையின் மூலம் நிறைவேறிய கல்லோயாத் திட்டத்தில், எவர்க்குக் காணி என்ற வினா இனப்பிரச்சினையோடு கலந்தது. 1956 இல் அங்கு இரத்தமும் சிந்தியது. தொலைவிலிருந்து கொணரப்பட்ட சிங்கள உழவரும் அதே அனுமதிப்பத்திரத்தின் கட்டுக்குள் வாழ்ந்தவரே என்பதை நாம் மறந்துவிடலாகாது. பகை, பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையில் மூட்டப்பட்டது. கொடுக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கவேண்டும் என்ற வினா பின்தள்ளப்பட்டது.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் இவ்வதிகாரத்தை எவ்வாறு பகிர்ந்தது? மாகாணத்திலுள்ள அரச காணியைப் பராதீனப்படுத்துபவர் சனாதிபதி. மாகாண சபை ஆலோசனை வழங்கும். 2013 இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அரச காணியின் மீதான அதிகாரம் மத்தியிடமே என்பதை உறுதிசெய்தது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்தபின் நீண்டகாலம் தேர்தலே நடைபெறவில்லை. ஆலோசனை கூறவும் சபையில்லை.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளைக் காக்கும்படி 2023 செப்டெம்பரில் பண்ணையாளர் தொடங்கிய போராட்டத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். தலைமுறைகளாக மாடு மேய்த்தமைக்கு அவர்களிடம் பத்திரமில்லை. எக்காலத்தும் எவரும் அவர்களுக்கு அதனைப் பராதீனப்படுத்தவில்லை. 1840 இன் ‘கருதப்படும்’ என்ற வினை இன்னும் ஓயவில்லை.

*

இதிற் படித்தவர்களாகிய எமக்கு ஒரு பங்குண்டு. வாவிக்கரைக் கிராமமொவ்வொன்றிலும் ஓர் ஆசிரியரேனும் இருக்கிறார். பல்கலைக்கழகம் செல்லும் மாணவரும் இருக்கிறார். வீட்டு அலுமாரியில் உறையிலிட்டுப் பூட்டிய அனுமதிப்பத்திரத்தை எடுத்து, அதன் நிபந்தனைகளை வீட்டாருக்குப் பேச்சுத் தமிழில் விளக்குவது எளிய பணி. பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டதா, எவர் பெயர், வீட்டிலிருக்கும் மகளின் நிலை யாது என்று கேட்பது இன்னும் எளிது. அத்தோடு, சட்டத்தின் தமிழ் எமக்கு விளங்கவேண்டும் என்று கோரும் உரிமையும் எமக்குண்டு. ‘பராதீனப்படுத்தப்பட்டது’ என்ற இடத்தில், ‘உழுது பயன்கொள்ளக் கொடுக்கப்பட்டது, சம்மதமின்றி விற்கலாகாது’ என்று எழுதினால் எந்த நீதிமன்றமும் இடிந்துவிடாது.

சொல்லை மாற்றினால் மட்டும் காணி கிடைத்துவிடாது என்பதை நாம் அறிவோம். ஆயினும், தமக்குக் கொடுக்கப்பட்டது எது, கொடுக்கப்படாதது எது என்பதைத் தம் மொழியிலேயே தெளிவாக அறிந்த மக்கள், கொடுக்கப்படாததைக் கேட்கத் தொடங்குவர். அக்கேள்வி எழுவதற்கு ஆவன செய்தலே எழுத்தறிந்தோர் கடன்.